பிரேக் வாஷரும் சந்தனப் பொட்டும்

"குந்தும்மா, பொட்டிய மடியில வெச்சிக்க" என்றார் ஷேர் ஆட்டோக்காரர். புதுச்சேரியில் என் காதில் விழுந்த முதல் வாக்கியம் இதுதான். கோயம்புத்தூரில் கடைவாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "கொஞ்சம் நகருங்க" என்றுதான் சொல்வோம். அந்த ஊரிலிருந்து வந்தவளை எடுத்த எடுப்பில் குந்தச் சொன்னால் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் அவர் சொன்ன குரலில் ஒரு குறையும் இல்லை. குந்தினேன்.

மடியில் இருந்த பெட்டி டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரியது. பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கத்தில் ஆட்டோ ரெண்டு இருமல் இருமி நின்றுவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டதாம். எல்லாரும் இறங்கினோம். மீன்காரம்மா கூடையை என் காலடியில் வைத்துவிட்டு, "இன்னாம்மா இது, பாட்டுப் பொட்டியா?" என்று கேட்டார்.

"கொரோனா டெஸ்ட் எடுத்தாங்கல்ல, அந்த மிஷினுங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு நான் ஏன் அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்யும் கம்பெனி சின்னது, பீளமேட்டில் ஒரு மாடி. நாங்கள் செய்வது ஒரு வெள்ளைத் தூள். நம் உடம்பில் டிஎன்ஏ இருக்கிறதல்லவா, அது நாலே எழுத்தில் எழுதிய சமாச்சாரம். அதே நாலு எழுத்தை வைத்து மனிதர்களும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். யார் செய்தது, எந்த ஊரில், எந்த லாட், அதாவது எந்தத் தடவை செய்த சரக்கு என்று எழுதி, அதைக் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மணிக்குள் அடைத்துக் கொடுப்போம். உயிரெல்லாம் கிடையாது, வெறும் எழுத்து. ரப்பர் அரைக்கும்போது ஒரு சிட்டிகை கலந்துவிட்டால் போதும், கொதிக்கிற சூட்டிலும் அழியாது. பிறகு எப்போது வேண்டுமானாலும் மிஷினில் போட்டுப் பார்க்கலாம். எழுத்து இருந்தால் குழாய் பச்சையாக ஒளிரும். இல்லையென்றால் இருட்டு. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும். ஒரு சிட்டிகைக்குள் ஒரு லாரி நிறைய விலாசம்!

போலிகளைப் பிடிக்கத்தான் இந்தப் பாடெல்லாம். ராணுவ லாரிக்கு வாஷர் செய்பவர் ஒருவர், அது போய்ச் சேரும் டிப்போ வேறெங்கோ. நடுவில் எத்தனை கோடவுன், எத்தனை கை. மூலக்குளத்தில் ஒரு ரப்பர் பட்டறை பிரேக் வாஷர் செய்து அனுப்பியது. வடக்கே ஒரு டிப்போவில் அந்தப் பெட்டிகளிலிருந்து எடுத்து மாட்டிய வாஷர் குளிரில் விரிசல் விட்டு, ரெண்டு லாரியில் பிரேக் ஆயில் ஒழுகிவிட்டது. நல்லவேளை, வண்டி புறப்படுவதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். விரிசல் விட்ட வாஷர் எங்கள் லேபுக்கு வந்தது. மேலே பஞ்சுக்குச்சியால் துடைத்து மிஷினில் போட்டோம். பச்சை.

அப்படியென்றால் அது போலி இல்லை. மூலக்குளத்துக்காரரே மட்டமாகச் செய்து அனுப்பியிருக்கிறார். நேரில் போய்ப் பட்டறையில் மாதிரி எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். ராணுவ ஆய்வு அதிகாரியும் வருவதாக ஏற்பாடு. அவர் முன்னால் நான் சொல்லும் ஒரு வார்த்தையில் அந்தப் பட்டறைக்குப் பூட்டு. திருடனைப் பிடிக்கப் போகிற போலீஸ்காரி மாதிரிதான் கிளம்பினேன், பொய் சொல்வானேன்.

பட்டறை கேட்டில் நுழைந்ததுமே ஒரு பெண் ஓடிவந்து என் நெற்றியில் குளிரக் குளிரச் சந்தனம் வைத்தாள். என் மிஷின் பெட்டிக்கும் ஒன்று. பேர் அஞ்சலை. முப்பது வயதிருக்கும், வில்லியனூருக்கு அந்தப் பக்கம் விவசாயக் குடும்பம். பேக்கிங் முழுக்க அவள் பொறுப்பு. வழக்குப் போடப் போகிறவளுக்கு இப்படி ஒரு வரவேற்பா என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது.

முதலாளி அந்துவான். பட்டறையில் எல்லாருக்கும் 'மிசியே', அதாவது பிரெஞ்சு 'ஐயா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இங்கே அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்கிறார்கள். ஆறடி உயரம், வெள்ளை மீசை, அயர்ன் மடிப்பு கலையாத சட்டை. கை குலுக்கவில்லை.

"ஒக்காரும்மா. ஒண்ணு கேக்குறேன். நானே யூனிஃபார்ம் போட்டவன். எவனோ ஒரு சொல்தா ஓட்டுற வண்டிக்கு நான் மட்ட வாஷர் குடுப்பேனா?"

"மிஷின் அப்படித்தான் சொல்லுதுங்க சார்."

"ஒன் மிஷின் பொய் சொல்லுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னைத் திட்டுங்கள், என் சமையலைத் திட்டுங்கள், பொறுத்துக்கொள்வேன். மிஷினைச் சொன்னால் மட்டும் தாங்காது. "இங்கயே வெச்சுப் போட்டுக் காட்டறேன், பாருங்க" என்று பெட்டியைத் திறந்தேன்.

திறந்த கையோடு ஷட்டரை இறக்கிவிட்டார்கள்! மத்தியானம் ஒரு மணி. இந்த ஊரில் பாதிக் கடைகள் மத்தியானம் மூடித் தூங்குகின்றன. வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்றார்கள். வெள்ளைக்காரன் போய் எத்தனை காலமாயிற்று, தூக்கம் மட்டும் போகவில்லை. எங்கள் ஊரில் லேத் பட்டறைக்காரர் மத்தியானம் தூங்கினார் என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு ஓடுவார்கள்.

நான் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது அஞ்சலை தன் டிபனைத் திறந்து பாதியை எனக்குத் தள்ளினாள். வடவம் தாளித்த கருவாட்டுக் குழம்பு. எங்கள் வீட்டில் கருவாட்டுக்கு வாசல்படி தாண்ட அனுமதி கிடையாது. ஒரு வாய் வைத்தேன். அப்புறம் பேச்சே வரவில்லை. அவள் பங்கிலிருந்தும் ரெண்டு துண்டு எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் நம்ப வேண்டும்.

நான் விரல் சூப்பி முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டுப் பேச்சை எடுத்தாள். "யக்கா, எங்க வீட்டுக்காரரு மிலிட்டரில லாரி ஓட்டுறாரு. வடக்க, மலையில. அந்த டிப்போ வண்டிதான்."

டிபனை மூடிக்கொண்டே தொடர்ந்தாள்.

"ஒவ்வொரு பெட்டியும் நான்தான் கட்டுறேன். அவரு வண்டிக்குப் போவுதுன்னு நெனச்சிக்கினேதான் கட்டுவேன். வெரிசல் வுட்டது நான் கட்னதுதானா? அத மட்டும் கரெக்டா பாத்து சொல்லிடு யக்கா. மிசியே சண்ட போடுவாரு, நீ கண்டுக்காத. எனக்குத் தெரியணும்."

மிசியேவிடம் அவ்வளவு வீறாப்பாகப் பேசியவளுக்கு அவளிடம் 'ஆமாம்' என்று சொல்ல வாய் வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் டெஸ்ட் போட்டேன். நல்ல வாஷர் ஒரு குழாய், விரிசல் வாஷர் ஒரு குழாய், எதுவுமே போடாத சுத்தமான தண்ணீர் ஒரு குழாய். தண்ணீர்க் குழாய் எதற்கென்றால், அது இருட்டாக இருக்க வேண்டும். இருந்தால்தான் மிஷின் நேர்மையாக வேலை செய்கிறது என்று அர்த்தம். பாதியில் கரண்ட் போனது. திரும்பப் போட்டேன். மறுபடி போனது. மிசியே ஒரு ஸ்டூல் போட்டு எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் தடவை முழுசாக ஓடியது.

நல்ல வாஷர் பச்சை. விரிசல் வாஷர் பச்சை. தண்ணீர், அதுவும் பச்சை.

"இது இன்னாது?" என்றார் மிசியே.

"தண்ணிங்க."

"அதயும் நான்தான் செஞ்சேனா?"

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. கருவடிக்குப்பத்தில் எனக்கு ஒரு மாடி அறை எடுத்திருந்தார்கள். மிசியே தன் ஸ்கூட்டரிலேயே கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது, "போயி தூங்கு. காலையில ரொட்டி அனுப்புறேன்" என்றார். அதற்கு அவர் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை ரொட்டி வந்தது, என் முழங்கை நீளம். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும் இருந்தது. தொட்டுக்கொள்ள மிளகாய் போட்ட கறி வறுவல். கோபத்தோடு சாப்பிட ஆரம்பித்து, சந்தோஷமாக முடித்தேன். சாப்பாடு சரியாக இருந்தால் எனக்கு மூளை வேலை செய்யும்.

மிஷின் பொய் சொல்லவில்லை, எழுத்து எங்கிருந்தோ வந்து விழுகிறது, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினேன். பட்டறையில் கண்ணில் பட்டதையெல்லாம் பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். அரைவை மிஷின் பச்சை. அது நியாயம், தூள் கலக்கிற இடம். ஆனால் கேட்டும் பச்சை. டெலிவரி வேனின் ஸ்டியரிங் பச்சை. ஃபேன் சுவிட்ச், டீ ஃபிளாஸ்க், மிசியேவின் நாற்காலி, சுவரில் மாட்டியிருந்த அவர் பட்டாளப் போட்டோ எல்லாமே பச்சை. வாசல் வேப்பமரத்தைத் துடைத்தேன். நம்ப மாட்டீர்கள், மரமும் பச்சை. என் கணக்குப்படி அந்த வேப்பமரம் ராணுவத்துக்குச் சப்ளை ஆகிற பிரேக் வாஷர்.

இதற்கு நடுவில் மிசியே போனில் பிரெஞ்சில் பொரிந்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. "இன்னா சொல்றாருன்னு கேக்குறியா?" என்று அஞ்சலையே காதருகே வந்து மொழிபெயர்த்தாள். இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு அத்துப்படி. "ஃபிரான்ஸ்ல இருக்குற மவ. பட்டறைய மூடிட்டு அங்க வந்துடுப்பான்னுது. இவரு, திருடன்னு பேரு வாங்கிக்கினு வரமாட்டேன், மூடுனா நானா மூடுறேன், எவனும் பூட்டக் கூடாதுன்றாரு."

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், கடற்கரை ஊர்ப் புழுக்கம். எங்கள் ஊரில் வியர்த்தால் காற்று வந்து துடைத்துவிட்டுப் போகும். இங்கே வியர்வை வந்தால் வீட்டோடு தங்கிவிடுகிறது. முகம் கழுவலாம் என்று தொட்டிப் பக்கம் போய்க் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தேன். கைக்குட்டையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது. அன்று காலையும் கேட்டில் நுழைந்தபோது அஞ்சலை வைத்த சந்தனம்.

கைக்குட்டையைப் பார்த்தேன். கேட்டைப் பார்த்தேன். கேட்டில் ஒரு பொட்டு. வேனில் ஒரு பொட்டு. ஃபிளாஸ்கில், நாற்காலியில், போட்டோவில், வேப்பமரத்தில், என் மிஷின் பெட்டியில், எல்லாவற்றிலும் பொட்டு. நேற்றிலிருந்து கண் முன்னால் இருக்கிறது, பொட்டுதானே என்று பார்க்கவே இல்லை. நம் பக்கத்தில் பொட்டு வைக்காத மிஷினை எவன் பார்த்திருக்கிறான்?

ஓடிப்போய் என் நெற்றியைத் துடைத்து மிஷினில் போட்டேன். அது ஓடி முடிகிற வரை நகம் கடித்துக்கொண்டே நின்றேன்.

பச்சை, பளீர் பச்சை. என் நெற்றி ஒரு பிரேக் வாஷர்.

நான் சிரித்த சிரிப்பில் அரைவைக்காரர் மிஷினையே நிறுத்திவிட்டார். "அஞ்சலை, அந்தச் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டா" என்றேன். கொண்டுவந்தாள். சின்னப் பித்தளைக் கிண்ணம், அடியில் காய்ந்த சந்தனம், மேலே அன்றைக்கு அரைத்தது.

"இதுல என்ன கலந்தே?"

"சந்தனம்தான் யக்கா. பன்னீரு."

"வேற?"

"மொத மொத உங்க தூளு வந்துச்சே, அன்னிக்கு ஒரு சிட்டிகை போட்டேன். புதுசா ஒண்ணு வந்தா சாமிகிட்ட வெச்சிட்டுதான எடுப்போம். போலிய புடிக்கிற தூளு, நம்ம கம்பெனிய காப்பாத்துற தூளுன்னு மிசியே சொன்னாரு. அப்ப எல்லாத்துக்கும் காவலு இருக்கட்டும்னு சந்தனத்துல கலந்து வெச்சேன். கிண்ணத்த கழுவ மாட்டோம், அதும் மேலயே அரைச்சிப் போடுவோம்."

"எல்லாத்துக்கும்னா?"

"உள்ள வர்றது, வெளிய போறது எல்லாத்துக்கும். பெட்டிக்கும்தான். அட்டை மேல வெச்சா அச்சு கெட்டுடும்னு மூடிக்கு உள்ளாற ஒரு பொட்டு வெச்சிட்டு ஒட்டிடுவேன். அவரு வண்டிக்குப் போற பெட்டி ஆச்சே."

அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மூடிக்குள் வைத்த சந்தனம் காய்ந்து பொடிப்பொடியாக உதிரும். பெட்டிக்குள் எது இருந்தாலும் அதன் மேல் விழும். நடுவில் எவனோ பெட்டியைத் திறந்து, நல்ல வாஷரை எடுத்துவிட்டு மட்டமானதை வைத்து ஒட்டியிருந்தால்? அந்த மட்ட வாஷருக்கும் எங்கள் எழுத்து மேலே படிந்துவிடும். நாங்களோ மேலே மட்டும்தான் துடைத்துப் பார்த்தோம். இந்தியாவில் எந்தப் பட்டறையிலாவது பொட்டு இல்லாமல் பெட்டி போகுமா என்று லேபில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நான் குதித்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை முகம் வெளுத்துப்போய் நின்றாள். "அப்ப நான்தான் போலிக்கு முத்திரை குத்திக் குடுத்தேனா?" என்றாள். கிண்ணத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இரு, இன்னும் முடியலை. மேலதான் உன் பொட்டு. உள்ள இருக்கிறதை எவனாலயும் வைக்க முடியாது. வெட்டிப் பார்த்துருவோம்."

ஆனால் எங்கே வைத்து வெட்டுவது? பட்டறை முழுக்க எழுத்து. என் அறையும் அப்படித்தான், நானே நடமாடும் எழுத்து மூட்டை. ஆய்வு அதிகாரிக்குப் போன் போட்டேன். அவர் வேலூர்க்காரர், மறுநாள் காலை வருவதாக இருந்தார். "சார், தயவுசெஞ்சு பட்டறைக்கு வந்துராதீங்க. உங்களுக்கும் பொட்டு வெச்சிருவாங்க" என்றேன். "என்னது?" என்றார். பிறகு விவரமாகச் சொன்னேன். பீச் பக்கம் லாட்ஜில் அறை போட்டிருக்கிறேன், ஜெனரேட்டர் உண்டு, அங்கேயே வந்து செய்யுங்கள் என்றார்.

சாயங்காலம் நெல்லித்தோப்பில் ஷாப்பிங். புது நைட்டி, புதுச் செருப்பு, புதுத் துண்டு, புது பக்கெட், ஒரு பாக்கெட் பிளேடு. கடைக்காரம்மா நைட்டியைப் பிரித்துக் காட்டப் போனார். "பிரிக்காதீங்க, கவரோடயே குடுங்க" என்று கத்தினேன். "சைஸ் பாக்க வேணாவா? கலரு?" என்றார். எதுவும் வேண்டாம், பிரிக்காமல் இருந்தால் போதும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

மூன்றாம் நாள் காலை, லாட்ஜ் குளியலறையில் சீயக்காய் போட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கிளிப்பச்சையில் ஆரஞ்சுப் பூப்போட்ட நைட்டியில் அதிகாரி முன்னால் வந்து நின்றேன். இதுவரை நான் கலந்துகொண்ட ராணுவக் கூட்டம் அது ஒன்றுதான். மேலே கோட், கையில் உறை, தலையில் தொப்பி எல்லாம் ஏறியதும் ஆரஞ்சுப் பூ மட்டும் கீழே ஒரு சாண் தெரிந்தது. அதிகாரி கண்ணியமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஆரம்பிங்கம்மா" என்றார்.

மிசியேவுக்கும் அஞ்சலைக்கும் உள்ளே அனுமதி இல்லை. ரெண்டு பேரும் எதிரே கடற்கரைச் சாலைச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலிலிருந்து தெரிந்தது. அவர் நிமிர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் அவர்களிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போனார்.

பட்டறையில் லாட்டுக்கு லாட் எடுத்துவைத்த மாதிரி வாஷர் ஒன்று, டிப்போவில் சீல் வைத்து அதிகாரியே கொண்டுவந்த விரிசல் வாஷர் ஒன்று. கண்ணாடி மணியைக் கரைக்கும் திரவத்தால் முதலில் மிஷினைத் துடைத்தேன், பிறகு ரெண்டு வாஷரையும் அந்தத் திரவத்தில் முக்கி எடுத்தேன், மேலே இருந்ததெல்லாம் கரைந்து போகட்டும் என்று. பிறகு பிளீச்சிங்கில் அலசி, வாஷருக்கு ஒரு புதுப் பிளேடு வைத்து நடுவில் வெட்டி, உள்ளே இருந்து ஒரு துணுக்கு சுரண்டினேன். எப்போதும்போல் மூன்றாவது குழாயில் வெறும் தண்ணீர்.

கரண்ட் ஒரு தடவை போனது. ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. அந்த ஜெனரேட்டருக்கு ஒரு பொட்டு வைக்கலாம் போல இருந்தது.

தண்ணீர் இருட்டு. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. பட்டறை வாஷர் பச்சை. விரிசல் வாஷர் இருட்டு, கும்மிருட்டு.

"இன்னொரு தடவை" என்றார் அதிகாரி. எடுத்துவைத்திருந்த இன்னொரு ஜோடி வாஷர், வேறு பிளேடு. அதே பச்சை, அதே இருட்டு. அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இது இவங்க செஞ்சதில்ல. பெட்டி இவங்களோடது, சரக்கு எவனோடதோ. அவனை நாங்க பாத்துக்கறோம். நீங்க போய்ச் சொல்லுங்க" என்றார்.

நைட்டியோடு ரோட்டைக் கடந்தேன். ரெண்டு டூரிஸ்டுகள் போட்டோ எடுத்தார்கள், எடுக்கட்டும். "உங்களோடது இல்ல!" என்று பாதி ரோட்டிலேயே கத்திவிட்டேன்.

மிசியே எழுந்து நின்றார். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார், முதல் நாள் கொடுக்காத கை. குலுக்கிவிட்டுத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

அஞ்சலை மட்டும் எழுந்திருக்கவில்லை. "நான் கட்னது இல்லல்ல?"

"இல்ல. நீ கட்டினதை எவனோ பிரிச்சு மாத்தியிருக்கான்."

"அப்ப அவரு வண்டியில இப்ப மாட்டிக்கினு இருக்கிறது எது?"

இந்த ரெண்டு நாளில் அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை என்பதுதான் நிஜம். எந்தப் பெட்டி மாறியது, எந்த வாஷர் எந்த வண்டிக்குப் போனது, ஒன்றும் தெரியாது. பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எல்லாவற்றின் மேலும் அவள் சந்தனம்.

அதிகாரி பின்னாலேயே வந்திருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கிறது. போனை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக நடந்தபடி இந்தியில் பேசினார். பேசப் பேசக் குரல் உயர்ந்தது. திரும்பி வந்து, "அந்தச் சரக்கு மாட்டின எல்லா வண்டியையும் நிறுத்தச் சொல்லியாச்சு. கழட்டி அனுப்புவாங்க. புதுசு மாட்டாம ஒரு சக்கரம் உருளாது" என்றார்.

அஞ்சலை உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மலையில் சிக்னல் கிடைக்காது என்று அவளே சொல்லிக்கொண்டாள். மறுபடி போட்டாள். வெயில் ஏறிக்கொண்டே போனது, சுவர் சுட்டது, ஒருத்தரும் கிளம்புவோம் என்று சொல்லவில்லை. மிசியே போய் எல்லாருக்கும் சுக்குக் காப்பி வாங்கி வந்தார். அந்த வெயிலில் சுக்குக் காப்பி! குடித்தோம்.

கடைசியில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவில் அவள் வீட்டுக்காரர் ஏழுமலையின் குரல்.

"இன்னாடி இத்தினி போனு? இங்க எவனோ பெரிய ஆபீசர் ஆர்டராம், கெளம்புற நேரத்துல வண்டிய நிறுத்திட்டானுங்க. சும்மா குந்திக்கினு டீ குடிச்சிக்கினு இருக்கேன்."

"குடி" என்றாள் அஞ்சலை. "நல்லா குந்திக்கினு குடி." அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அதிகாரி, காலையில் ஜன்னலைப் பார்த்ததுபோல், இப்போது கடலைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பினேன். பட்டறையில் சொல்லிக்கொள்ளப் போனபோது கேட்டருகே அஞ்சலை புதுக் கிண்ணத்தோடு நின்றாள். விரலில் சந்தனம் இருந்தது, கை மட்டும் பாதியில் நின்றது. "இதுல தூளு போடல யக்கா. பெட்டிக்கு இனிமே வெக்க மாட்டேன். உனக்கு வெக்கலாமா?"

நெற்றியைக் காட்டினேன்.

பார்டர் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி, பாட்டில் கடத்துகிறேனா என்று என் பெட்டியைக் குடைந்தார்கள். பாட்டில் இருந்தது, சின்னச் சின்னதாக நிறைய. அவர்களுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பஸ்ஸில் எல்லாருக்கும் என் கதை தெரிந்துவிட்டது.

கோயம்புத்தூர் வந்து கொஞ்ச நாளில் டிப்போவிலிருந்து பார்சல் வந்தது. வண்டி வாரியாகக் கழற்றிய வாஷர்கள், ஒவ்வொரு கவரிலும் வண்டி நம்பர். ஏழுமலை வண்டி நம்பரை அஞ்சலையிடம் வாங்கி வைத்திருந்தேன். அந்தக் கவரை முதலில் எடுத்தேன். கழுவினேன், வெட்டினேன், போட்டேன்.

இருட்டு.

ரெண்டாம் தடவையும் இருட்டு. வெட்டிய இடத்தை லென்ஸில் பார்த்தேன், உள்பக்கம் மயிரிழை போல விரிசல் ஓட ஆரம்பித்திருந்தது. அஞ்சலைக்குப் போன் போட்டு, மறைக்காமல் சொன்னேன். தெரியணும் என்று கேட்டவளாயிற்றே.

அரைவை மிஷின் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து கேட்டாள்.

"இப்ப அவரு வண்டில எது இருக்குது யக்கா?"

"போன வாரம் புது லாட் போச்சே, அது. வழியில எங்கயும் பிரியாம நேராப் போச்சு. அதுல ஒண்ணை வெட்டியும் பார்த்துட்டேன், பச்சை. நீ கட்டினதுதான்."

"சரி யக்கா" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சாப்ட்டியா?"